படகு திரும்பும் இடத்துக்கு அப்பால்: செங் வட்டாரத்தில் நின்று பார்க்க வேண்டிய சாலையோர விநோதங்கள்

மலாக்கா ஆற்றுக்கு நகருக்குள் இருக்கும் மவுசு செங் பக்கம் கிடையாது. நகரில் அதற்கு விளக்கு அலங்காரம் உண்டு. கரையோரச் சுவர்களில் ஓவியம் உண்டு. முக்கால் மணி நேரப் படகுச் சவாரி உண்டு. அந்தப் படகுகள் தாமான் ரெம்பா வரைக்கும் வந்து, வந்த வழியே திரும்பிவிடுகின்றன. அதற்கு மேலே இருக்கும் ஆறு சுற்றுப்பயணிகள் கணக்கில் இல்லாத ஆறு. செங் சுற்றுவட்டாரத்திலும் டுரியான் துங்கால் பக்கமும் இருப்பவர்களுக்கோ அது பாலத்தைக் கடக்கும்போது ஓரக்கண்ணால் பார்க்கும் பழுப்புத் தண்ணீர், அவ்வளவுதான்.

பள்ளி விடுமுறை வந்தால் வெளியூர் உறவினர்கள் நம் வீட்டுக்கு வருவார்கள். முதல் முறை வருகிறவர்களுக்கு அ ஃபாமோசா கோட்டை, சிவப்புக் கட்டடம், ஜோங்கர் தெரு, தாமிங் சாரி கோபுரம் என்று ஒரு நாள் ஓடிவிடும். இரண்டாம் முறை வந்தால்? "மலாக்காவில் வேறு என்னதான் இருக்கு?" என்று கேட்கும்போது பலர் கடைத்தொகுதிக்கு அழைத்துப் போய்விடுகிறோம்.

இருக்கிறது. செங்கில் இருந்து புறப்பட்டு ஒரே நாளில் போய் வரக்கூடிய தூரத்தில், பொய் சொல்பவனின் கையைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பப்பட்ட கல் இருக்கிறது. வளர்வதாகச் சொல்லப்படும் கற்கள் இருக்கின்றன. மாரியம்மனை மலாய்ப் பெயரில் அழைத்துக் கும்பிடும் தமிழ் வம்சாவளிக் கிராமம் இருக்கிறது. ஒரு சந்நியாசியின் பெயரால் நிற்கும் மலை நம் வாசலிலேயே இருக்கிறது. நுழைவுக் கட்டண வரிசை, பேருந்துக் கூட்டம் என்ற தொல்லையெல்லாம் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. சாலையோரம் இருக்கின்றன, நாம்தான் நிறுத்துவதில்லை.

இப்படிப்பட்ட சாலையோர விநோதங்களுக்கு வெளிநாடுகளில் ஒரு தனிக் கதையே உண்டு. அமெரிக்காவில் 1926இல் 'ரூட் 66' என்ற நெடுஞ்சாலைக்கு எண் கொடுக்கப்பட்ட பிறகு, வழியில் இருந்த பெட்ரோல் நிலையக்காரர்களும் உணவகக்காரர்களும் ஓடுகிற காரை நிறுத்த ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கடைவாசலில் கட்டடம் உயரத்துக்குப் பொம்மை மனிதனையோ திமிங்கலத்தையோ நிறுத்துவது. பார்க்க இறங்குகிறவன் ஒரு காப்பி குடிப்பான், எண்ணெய் போடுவான். ஆஸ்திரேலியாவின் காஃப்ஸ் ஹார்பர் ஊரில் 1964இல் ஒரு ராட்சத வாழைப்பழத்தைக் கட்டி வைத்ததும் பழக்கடைக்கு ஆள் பிடிக்கத்தான். பிறகு அமெரிக்காவில் புதிய விரைவுச் சாலைகள் ஊர்களைத் தாண்டி ஓடத் தொடங்கின. கார்கள் அந்தப் பக்கம் போயின. பழைய சாலையோரத்து ஊர்கள் பல வாடிப் போயின.

நம் பக்கத்து விநோதங்கள் அந்த வகை அல்ல. காரை நிறுத்துவதற்காக யாரும் இவற்றை வைக்கவில்லை. தார்ச்சாலைக்கு முன்பே இருந்தவை இவை. சாலைதான் பிறகு வந்து பக்கத்தில் படுத்தது. ஆனால் விரைவுச் சாலை விஷயத்தில் கதை ஒன்றுதான். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையானது. அலோர் காஜாவையும் மலாக்கா தெங்ஙாவையும் ஜாசினையும் இணைக்கும் ஏஎம்ஜே சாலை நம் வட்டாரத்தின் வழியாகவே அகலமாக ஓடுகிறது. எல்லாரும் வேகமாகப் போகிறோம். வேகமாகப் போகிறவனுக்குக் கல்லும் கோயிலும் ஒன்றுபோலவே தெரியும்.

பெயர்ப் பலகையே முதல் விநோதம்

காரை நிறுத்தாமலேயே பார்க்கக்கூடியவை ஊர்ப்பெயர்கள். தினமும் படித்துப் படித்து நமக்கு மரத்துப்போனவை. பிள்ளைகளிடம் பொருள் சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டிப் பாருங்கள். டுரியான் துங்கால் என்றால் ஒற்றை டுரியான். பத்து பெரெண்டாம் என்றால் நீரில் ஊறிக் கிடக்கும் கல். பாயா ரும்புட் புல் முளைத்த சதுப்பு. ஆயர் குரோ கலங்கல் தண்ணீர். அலோர் காஜா யானை போன தடம். காஜா பெராங் சினம்கொண்ட யானை. ஒரு காலத்தில் இந்த மண் எப்படி இருந்தது என்பதைக் காட்டும் வரைபடம் வேறு எங்கும் தேட வேண்டாம். டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் 1991இல் வற்றி, மலாக்கா மக்கள் தண்ணீருக்குத் தவித்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'கலங்கல் தண்ணீர்' என்று ஊருக்குப் பெயர் வைத்த மாநிலத்தில் அந்தக் கலங்கல் தண்ணீருக்கும் பஞ்சம் வந்த ஆண்டு அது.

மலாக்கா என்ற பெயரே ஒரு மரம். பரமேஸ்வரா ஆற்றோரத்தில் ஒரு மரத்தடியில் இளைப்பாறியபோது, அவருடைய வேட்டை நாயை ஒரு சருகுமான் உதைத்துத் தண்ணீரில் தள்ளியது; அந்தத் துணிச்சலை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்ட அவர், மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்தார் என்பது எல்லாரும் படித்த கதை. பலர் கவனிக்காத சங்கதி, அந்த 'மலாக்கா மரம்' வேறெதுவுமல்ல, நம்முடைய பெருநெல்லி. வடமொழியில் ஆமலகம். அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியைப் பாடத்தில் படித்துவிட்டு, நெல்லி என்றே பெயர் கொண்ட மாநிலத்தில் வசிக்கிறோம் என்பது தெரியாமல் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

கடலோரமாகப் போனால் தஞ்சோங் கிளிங் பலகை வரும். அந்தச் சொல் இன்று நம்மைக் குத்தும் சொல். யாராவது வாய்விட்டுச் சொன்னால் கைகலப்பில் முடியும். ஆனால் பழைய மலாய் நூல்களில் அது கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்து, தென்னிந்தியாவிலிருந்து வந்த வணிகர்களைக் குறிக்க இயல்பாகப் பயன்பட்ட சொல். நகரில் 1748இல் கட்டப்பட்ட கம்போங் கிளிங் பள்ளிவாசலும் இந்திய முஸ்லிம் வணிகர்களை நினைவூட்டும் பெயர்தான். பலகையைக் கண்டு கோபப்படுவதைவிட, அந்த முனையில் நம்மவர்கள் எவ்வளவு காலத்துக்கு முன்பே கப்பலைக் கட்டினார்கள் என்பதற்கு அது ஓர் அத்தாட்சி என்று எடுத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. வேறு கருத்து உள்ளவர்கள் இருப்பார்கள். அதிலும் நியாயம் உண்டு.

நகருக்கும் செங்கிற்கும் நடுவே ஒரு ரதம்

செங்கில் நிறுத்த வேண்டிய முதல் இடம் சந்நியாசிமலை ஆண்டவர் ஆலயம். பத்துமலையை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாற வேண்டாம். இங்கே 272 படிகள் இல்லை. துறவி ஒருவரின் நினைவு ஊரின் பெயரில் ஒட்டிக்கொண்டு, பிறகு வழிபாடாக வளர்ந்த இடம் இது. மாசி மகம்தான் இங்கே பெரிய நாள். அப்போது நகரிலுள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து முருகப் பெருமான் வெள்ளி ரதத்தில் ஏறிச் செங் வரைக்கும் வருகிறார். விழா முடிந்து மீண்டும் நகர் திரும்புகிறார். காவடிகள், பால்குடங்கள், வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். மற்ற நாளில் கார்கள் பறக்கும் சாலை அன்றைக்கு நடைவேகத்துக்கு வந்துவிடும்.

இதை விநோதம் என்று சொல்வதற்குக் காரணம், கடவுள் விருந்தாளியாகப் போகிறார் என்பதுதான். வழக்கமாக ஊர்வலம் தன் கோயிலைச் சுற்றிவிட்டுத் தன் கோயிலுக்கே திரும்பும். இங்கே நகரத்துச் சாமி நாட்டுப்புறத்துக்குப் புறப்பட்டு, ஒரு சந்நியாசியின் பெயரால் நிற்கும் மலைக்கு வந்து தங்கிவிட்டுப் போகிறது. கல்யாணமாகிப் பட்டணத்தில் குடியேறிய மகன் ஆண்டுக்கு ஒருமுறை அப்பத்தாவைப் பார்க்க வருவது போல.

ரதம் புறப்படும் பொய்யாத விநாயகர் கோயிலையும் அதே நாளில் பார்த்துவிட வேண்டும். பொற்கொல்லர் தெரு என்று பொருள்படும் ஜாலான் துக்காங் ஏமாஸில் இருக்கிறது. கட்டிய ஆண்டு 1781. டச்சுக்காரர்கள் ஆண்ட காலம் அது. மலாக்கா செட்டிகளின் தலைவராக இருந்த தைவநாயகம் செட்டியிடம் டச்சு நிர்வாகம் கொடுத்த நிலத்தில் எழுந்த கோயில். அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், சற்றுத் தள்ளிச் செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்றும் அருகருகே இருப்பதால் பயண வழிகாட்டிகள் நல்லிணக்கத் தெரு என்கின்றன. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது அந்த நிலம் பற்றிய செய்தி. 1781இல் நிலத்துக்கு ஆவணம் இருந்தது. அதனால் 240 ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கோயில் அசையவில்லை. இந்தச் சங்கதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டத்தோ சாச்சார்

காஜா பெராங்கில் மலாக்கா செட்டிகளின் கிராமம் இருக்கிறது. பேச்சு மலாய், உடை பாஜு, சாரோங், வாசல் நிலையில் மாவிலை, வீட்டுக்குள் சாமி படம். சுல்தான்கள் காலத்தில் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே பெண் எடுத்துக் குடியமர்ந்த தமிழர்களின் வாரிசுகள் இவர்கள். போகிப் பண்டிகையன்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் வைக்கிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் பராச்சு. பழங்கள் பழுக்கும் பருவத்தில் பழங்களை வைத்தே இன்னொரு பராச்சு. டுரியானும் மங்குஸ்தீனும் முன்னோருக்குப் படைக்கப்படும் இந்து வீடுகளை உலகில் வேறு எங்கே பார்க்க முடியும்?

இங்கே ஸ்ரீ முத்து மாரியம்மன் கோயில் 1822ஆம் ஆண்டுக்கு உரியது. இந்த அம்மனின் திருவிழாவை செட்டி மக்கள் 'டத்தோ சாச்சார்' விழா என்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் மலாய்ச் சொல் வந்து ஒட்டிக்கொண்டது போலத் தெரியும். சற்று யோசித்தால் அது அப்பட்டமான தமிழ். மலாயில் சாச்சார் என்றால் அம்மை நோய். தமிழிலும் 'முத்து' என்பது அம்மைக் கொப்புளத்துக்கு நம் பாட்டிமார் வைத்த மரியாதைப் பெயர்தானே? முத்து மாரி என்ற பெயருக்குள் இருக்கும் நோயையும் பயத்தையும் பக்தியையும் அப்படியே எடுத்து மலாய்க்குள் வைத்திருக்கிறார்கள். மொழி போய்விட்டது என்று நாம் அவர்களைப் பார்த்து வருத்தப்படுகிறோம். மொழிக்கு உள்ளே இருந்தது போகவில்லை என்பதற்கு இந்தப் பெயர் சாட்சி.

கிராமத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. மலாக்கா எதைக் கண்டாலும் அருங்காட்சியகம் வைக்கும் மாநிலம். பட்டத்துக்கு ஒன்று, அழகுக்கு ஒன்று, அஞ்சல்தலைக்கு ஒன்று என்று வைத்தவர்கள் நாம். இந்தச் சிறிய கட்டடம் அவற்றில் மிகவும் பயனுள்ளது என்பேன். வீடுகள் எல்லாம் குடியிருக்கும் வீடுகள் என்பதை மறக்க வேண்டாம். வாசலில் நின்று கேமராவை உள்ளே நீட்டுவது அழகல்ல.

ஆற்றோரத்து இரும்பு விநோதம்

நகருக்குள் வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. ஆற்றங்கரையை ஒட்டி உயரத்தில் ஓடும் மோனோரெயில் பாதையைப் பார்க்கலாம். 1.6 கிலோமீட்டர். 2010 அக்டோபரில் திறந்தார்கள். திறந்த கையோடு நின்று, மக்களை உயரத்தில் தவிக்கவிட்டுப் பெயர் வாங்கியது. பல ஆண்டுகள் சும்மா கிடந்து, 2017 இறுதியில் மீண்டும் ஓடவிட்டார்கள். ஜோங்கர் தெருவில் உடற்கட்டழகர் டத்தோ விரா கான் பூன் லியோங்கின் பொன்னிறச் சிலை தசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. ஹலோ கிட்டி பொம்மைகள் போர்த்திய பெச்சாக்கள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போகின்றன. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஒரு மணி நேரம் போதும்.

வளரும் கல்லும் மதராஸ் சிப்பாயும்

அலோர் காஜா பக்கம் திரும்புவோம். அந்த வட்டாரத்தில் வயலோரங்களிலும் புதர்களுக்கு நடுவிலும் செங்குத்தாக நட்டுவைத்த கற்கள் நிற்கின்றன. பெரும்பாலும் இரண்டு இரண்டாக. மலாய்க்காரர்கள் இவற்றை 'பத்து ஹீடுப்' என்பார்கள், உயிருள்ள கல். ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் வளர்கிறது என்பது நம்பிக்கை. நம் ஊர்களில் நட்டுவைக்கும் நடுகல்லை நினைவூட்டும். ஆனால் இவை அதே வகையா என்று அவசரப்பட்டு முடிச்சுப் போடக்கூடாது. கல்லை நட்டு நினைவைக் காப்பது உலகத்தின் பல மூலைகளில் தனித்தனியாக முளைத்த பழக்கம்.

இதே வட்டாரத்தில் தாபோ நானிங்கில் டோல் சைட்டின் கல்லறை இருக்கிறது. நானிங்கின் பெங்ஹூலுவாக இருந்தவர். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி கொடு என்று கிழக்கிந்தியக் கம்பெனி கேட்க, மாட்டேன் என்றவர். 1831இல் அவரை அடக்கச் சுமார் 150 சிப்பாய்களைக் கம்பெனி அனுப்பியது. அடர்ந்த காட்டில் வழி மறிக்கப்பட்டு, பீரங்கிகளை விட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தார்கள். மறு ஆண்டு பெரும்படை போனது. காட்டை வெட்டிச் சாலை போட்டுக்கொண்டே முன்னேறியது. 1832இல் தாபோ வீழ்ந்தது. வசூலிக்க நினைத்த வரியைவிடப் பல மடங்கு பணம் போரில் கரைந்தது. டோல் சைட் பிறகு சரணடைந்து, மலாக்காவில் உதவித்தொகை பெற்று வாழ்ந்து 1849இல் இறந்தார்.

தமிழர்கள் இங்கே ஏன் நிற்க வேண்டும்? அந்த 150 சிப்பாய்கள் மதராஸ் ராணுவத்தினர். மலாயாவுக்கு நம்மவர்கள் பால் வெட்டத்தான் முதலில் வந்தார்கள் என்றே பலர் நினைக்கிறார்கள். பால்மரம் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, மதராஸிலிருந்து கப்பலேறி வந்த கூலிப்படைச் சிப்பாய் இந்தக் காட்டில் யாருடைய வரிக்காகவோ சுட்டான், சுடப்பட்டான். அந்தப் பக்கம் நின்றவரின் கல்லறையைத்தான் இன்று நாம் மரியாதையோடு பார்க்கிறோம். நெளியத்தான் செய்கிறது, நெளியட்டும்.

பொய்யைப் பிடிக்கும் கல்

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் அனுப்புவது பெங்காலான் கெம்பாஸுக்கு. மஸ்ஜித் தானா, லுபோக் சீனா வழியாகப் போனால் மாநில எல்லையைத் தாண்டியதும் நெகிரி செம்பிலானில், லிங்கி ஆற்றை ஒட்டிய சிறு ஊர். 'பெங்காலான்' என்றாலே படகுத்துறை. சாலையோரம் ஒரு வளாகம். உள்ளே நெடிய மூன்று கற்கள். ஒன்றுக்கு வாள், ஒன்றுக்குக் கரண்டி, ஒன்றுக்குச் சுக்கான் என்று ஊரார் பெயர் வைத்திருக்கிறார்கள். உருவத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். வாளின் மேல் சிற்ப வேலைப்பாடு இருக்கிறது. 'அல்லாஹ்' என்று அரபு எழுத்தில் செதுக்கிய கல்லும் இங்கே உண்டு.

பக்கத்தில் அகமது மஜ்னுன் என்பவரின் கல்லறை. கல்வெட்டில் ஹிஜ்ரி 872 என்று இருக்கிறது. அதாவது 1467. மலாக்காவில் சுல்தான் மன்சூர் ஷா ஆண்ட காலம். அ ஃபாமோசா கோட்டை எழுவதற்கு 40 ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. ஒரே தூணில் இரண்டு வகை எழுத்து: ஒரு பக்கம் ஜாவி, இன்னொரு பக்கம் காவி. ஜாவி அரபு எழுத்திலிருந்து வந்தது. காவி எங்கிருந்து வந்தது தெரியுமா? பல்லவ எழுத்திலிருந்து. காஞ்சியை ஆண்ட பல்லவர்கள் காலத்து எழுத்து கடல் கடந்து ஜாவாவுக்குப் போய், அங்கே உருமாறி, பல நூற்றாண்டுக்குப் பிறகு லிங்கி ஆற்றங்கரையில் ஒரு முஸ்லிம் பெருமகனின் கல்லறைத் தூணில் வந்து நிற்கிறது. ஒரு மதம் வந்து இன்னொன்று விலகிய காலம் என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். கல்லில் இரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன, ஒன்றை ஒன்று அழிக்காமல்.

பிள்ளைகளுக்குப் பிடிக்கப் போவது எழுத்தல்ல. அங்குள்ள கல் ஒன்றில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. பொய் சொல்லிவிட்டுக் கையை விட்டால் துளை இறுகிக் கையைப் பிடித்துக்கொள்ளும் என்பது பழைய நம்பிக்கை. வழக்குத் தீர்க்க இதைப் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். ரோம் நகரிலும் இதே போல, பொய்யரின் கையைக் கடித்துவிடும் என்று நம்பப்படும் ஒரு கல்முகம் தேவாலய வாசலில் இருக்கிறது. அங்கே படம் எடுக்க வரிசை கட்டி நிற்கிறார்கள். பெங்காலான் கெம்பாஸில் வரிசை கிடையாது. ஒரு முனையில் பொய்யாத விநாயகர், மறு முனையில் பொய்யைப் பிடிக்கும் கல் என்று நாள் முழுக்கப் பிள்ளைகளை வம்புக்கு இழுக்கலாம்.

இது ஒரு கல்லறை வளாகம் என்பதை மட்டும் பெரியவர்கள் மறக்கக்கூடாது. கற்கள் மேல் ஏறுவது, சாய்ந்து படம் எடுப்பது, குங்குமம் பூசுவது, எதுவும் வேண்டாம்.

பலகை இல்லாத நம்முடையவை

இதுவரை சொன்னவற்றை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பொய்யாத விநாயகர் கோயிலுக்கு நில ஆவணம் இருந்தது. பெங்காலான் கெம்பாஸுக்குக் கல்வெட்டு இருந்தது. எவான்ஸ் என்ற ஆய்வாளர் 1920களின் தொடக்கத்திலேயே வந்து தோண்டி எழுதி வைத்தார். டோல் சைட்டுக்குப் போரின் பதிவேடுகள் இருந்தன. காகிதமோ கல்வெட்டோ இருந்தவை நின்றன.

நம் தோட்டத்து முனீஸ்வரருக்கு இரண்டும் இல்லை. ஆலமரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், சிவப்புத் துணி, சுருட்டு, எலுமிச்சம்பழம். மலாக்காவில் தோட்டப்புறச் சாலையில் போகிற எவரும் இப்படி ஓர் இடத்தைத் தாண்டியிருப்பார்கள். தோட்ட நிர்வாகி வாய்மொழியாகச் சரி என்றார், நம்மவர்கள் வைத்தார்கள். நிலம் தோட்டத்துப் பெயரில். பால்மரம் செம்பனையானது, செம்பனை தாமான் ஆனது, தாமான் பக்கத்தில் தொழிற்பேட்டை வந்தது. நிலம் கைமாறும்போது அந்த வாய்மொழி 'சரி' கைமாறவில்லை. சனங்கள் லயத்தை விட்டு வீட்டுமனைகளுக்குப் போனார்கள். சில இடங்களில் சாமியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். சில இடங்களில் மரம் மட்டும் நிற்கிறது.

ஆவணம் இருந்த செட்டி கிராமத்துக்கே கவலை உண்டு. 2010களில் கிராமத்தை ஒட்டி உயர்மாடிக் கட்டுமானத் திட்டம் வந்தபோது கிராமத்தார் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. ஆவணமே இல்லாத இடத்துக்கு யார் குரல் எழுப்புவது, எதைக் காட்டி எழுப்புவது?

மலாக்காவுக்கு 1988லேயே பண்பாட்டு மரபுடைமைப் பாதுகாப்புக்குத் தனி மாநிலச் சட்டம் வந்துவிட்டது. நாட்டுக்கு 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. தனி நபரும் ஓர் இடத்தைத் தேசிய மரபுடைமையாகப் பரிந்துரைக்க அது இடம் தருகிறது. ஒவ்வொரு முனியாண்டி மரத்தடியும் அந்தப் பட்டியலில் ஏறப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஏற வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் பட்டியலோ வழக்கோ வந்தால் முதலில் கேட்பது இதைத்தான்: எப்போது வைத்தது, யார் வைத்தது, எந்தத் தோட்டத்தின் எந்தப் பிரிவு, என்ன விழா நடந்தது, நில எண் என்ன? இதற்குப் பதில் சொல்லக்கூடியவர்களின் வயது இன்று எழுபதுக்கும் எண்பதுக்கும் மேல்.

ஆகவே இந்தச் சுற்றுலாவில் இன்னொரு நிறுத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தாத்தா பாட்டி வேலை செய்த தோட்டம் எதுவோ, அந்தச் சாலையில் அவர்களையும் முன்னிருக்கையில் உட்காரவைத்து மெதுவாகப் போங்கள். "அந்தா, அந்த வளைவில்தான் இருந்துச்சு" என்று அவர்கள் கை காட்டும் இடத்தில் ஓரங்கட்டுங்கள். மரம் மட்டும் இருந்தாலும் படம் எடுங்கள். கோயில் இருந்தால் அதன் பெயர்ப் பலகை, மணியில் பொறித்திருக்கும் ஆண்டு, உபயதாரர் கல் எதையும் விடாதீர்கள். கைப்பேசியின் இருப்பிடக் குறியைச் சேமியுங்கள். அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள், திருத்தாமல், ஆண்டு தப்பாகச் சொன்னாலும் குறுக்கிடாமல். நிலம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடிப் பார்க்கலாம். கோயில் நிர்வாகத்தினர் ஒரு முறையாவது இந்தத் தேடலைச் செய்து நகலைக் கோப்பில் வைத்துக்கொள்வது, ராஜகோபுரத்துக்கு வண்ணம் பூசுவதைவிட அவசரமான வேலை.

புறப்படுகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். மாசி மகம் பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும். அன்றைக்கு செங்கிற்குள் காரில் நுழைய நினைக்க வேண்டாம். ரதம் பார்க்க வேண்டுமென்றால் விடிவதற்கு முன்பே வந்து வண்டியைத் தூரத்தில் விட்டுவிட்டு நடங்கள். மற்ற நாள்களில் காலையில் சந்நியாசிமலை, பிறகு அலோர் காஜா, தாபோ நானிங், மதியத்துக்குப் பின் லுபோக் சீனா வழியாகப் பெங்காலான் கெம்பாஸ் என்று போனால் ஒரே திசையில் சுற்றி வரலாம். காஜா பெராங்கையும் நகரத்தையும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஏஎம்ஜே சாலையில் அவசரத் தடத்தில் நிறுத்தி இறங்காதீர்கள், லாரிகள் நிற்காது. தோட்டச் சாலைக்குள் நுழையும் முன் காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பெரும்பாலும் விட்டுவிடுவார், "எந்தக் கோயிலு? அந்த ஆலமரத்துக்கிட்ட இருந்ததா?" என்று அவரே வழியும் சொல்வார்.